ஆறு தொட்டிக்கு ஒரே கத்தரி

அவளுக்கு ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் கழுவுகிற வேலை. கத்தரி மட்டுமில்லை, இடுக்கி, கத்தி என்று ஆபரேஷன் அறையிலிருந்து ரத்தக்கறையோடு வரும் எல்லாவற்றையும் தேய்த்து, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்து, தேதி ஒட்டி அனுப்ப வேண்டும். பதினாறு வருஷமாக நின்றபடியே செய்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், காலையும் சேர்த்துக் கழற்றி வைக்க முடிந்தால் தேவலை என்றிருக்கும்.

அந்தக் காலோடுதான் அக்காவின் ஏழு ஆர்க்கிட் செடிகளையும் பார்த்துக்கொண்டாள். மகள் பிரசவத்துக்காக வெளியூர் போன அக்கா, கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான். "ஆறு போனாலும் போகட்டும்டி. அந்த வெள்ளைப்பூ மட்டும் பத்திரம். உங்க மாமா கடைசியா வாங்கிட்டு வந்தது."

ஆறு தொட்டிகள் ஜன்னல் திட்டில் வரிசையாக உட்கார்ந்தன. வெள்ளைப்பூவுக்கு அங்கே இடமில்லை. அலமாரி உச்சியில், மேல் ஜன்னலுக்கு நேராக ஏறிக்கொண்டது.

இரண்டாம் மாதம் முதல் தொட்டியின் இலையில் மிளகளவு கறுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். நர்சரிக்காரரிடம் கேட்டாள். பூஞ்சை என்றார், அந்த இலையை வெட்டிவிடச் சொன்னார். வெட்டினாள். கையோடு கையாக மற்ற ஐந்திலும் பழுத்த நுனிகளை நறுக்கினாள். ஞாயிறு தவறாமல் இந்த வேலை. தினமும் சாயங்காலம் இலை நனைய நீர் தெளிப்பும் உண்டு. அலமாரி உச்சிக்கு மட்டும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். கால் கெஞ்சும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று பதினொரு ஞாயிறு போனது. அதற்குத் தண்ணீர் விட்டது அவள் வீட்டுக்காரர்தான். உயரமான மனிதர், எட்டியவரை வேரில் ஒரு டம்ளர் ஊற்றுவார், அவ்வளவுதான்.

புள்ளியோ நின்றபாடில்லை. போனில் அக்காவிடம், "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்பாள். அக்கா நாளை மறுநாள் வருகிறாள்.

பஸ் கண்டக்டரான வீட்டுக்காரர் தேநீரோடு ஜன்னலோரம் வந்து நின்றார்.

"முதல் தொட்டி மொட்டை. அடுத்தது பாதி மொட்டை. ஆறாவதுல இப்பதான் ரெண்டு புள்ளி. பாத்தியா, ஸ்டாப் ஸ்டாப்பா இறங்கி வருது. யாரோ டிக்கெட் கொடுத்து ஏத்திவிட்டிருக்காங்க."

"உங்க கிண்டலை வேற யார்கிட்டயாவது வெச்சுக்குங்க. நானே நொந்து போயிருக்கேன்."

சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்தவள் அப்படியே நின்றாள். முதல் தொட்டியிலிருந்து ஆறாவது வரை, எல்லா ஞாயிறும் அதே வரிசை. அதே கத்தரி. நடுவில் ஒரு துடைப்பு கிடையாது. ஒரு நோயாளியைத் தொட்ட கத்தரி அடுத்தவர் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கத்துவதே அவள்தான்!

"நான்தாங்க டிக்கெட் கொடுத்தது" என்றாள். அழக்கூடத் தெம்பில்லை.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிடித்துக்கொண்டார். ஏறினாள். பதினொரு ஞாயிறு தொடாத செடி. என்ன கோலத்தில் இருக்குமோ. இலைமேல் விரல் கனத்துக்குத் தூசி. புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, அடிப்பக்கமும் பார்த்தாள். புள்ளி இல்லை. ஒன்றுகூட இல்லை. வேரோரத்தில் பச்சையாக ஒரு பூந்தண்டு தலைநீட்டியிருந்தது.

இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டாள். பொய், கத்தரி, மொட்டைத் தொட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"வெள்ளைப்பூ?"

"நல்லா இருக்கு. அதை நான் கவனிக்கவே இல்லக்கா. ஏறுறதுக்குக் காலுல தெம்பில்ல."

"கவனிச்சதுக்கெல்லாம்தான் இந்தக் கதியா?"

"ஆமாக்கா."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. நான் வந்ததும் என்னைக் கவனிக்கிறேன்னு எதுவும் கிளம்பாத, தாயே. நான் பொழச்சிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். ஆறாவது தொட்டியில் ஒரு வெட்டு, கத்தரிக்கு ஒரு துடைப்பு. மறுபடி வெட்டு, மறுபடி துடைப்பு. இந்த முறை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து வெட்டினாள்.