வந்து சேரும் தேதி

"அந்த வண்டி இனிமே ஓடாது சார்" என்றார் டிராவல்ஸ்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னார். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. "எந்த வண்டி?"

"நடுவுல எல்லையைத் தாண்டுற வண்டிதான். நேத்து அறிவிச்சிட்டாங்க. ரோடும் மூடியாச்சு. சரக்கு வண்டி மட்டும்தான் போகுமாம்."

"அப்போ எங்க ரெண்டு பேரையும் சரக்குன்னு எழுதி ஏத்திவிடுங்க."

டிராவல்ஸ்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"சுத்திப் போனா?"

"தெற்கால சண்டை நடக்குது. வடக்கு வழிக்கு உங்களுக்கு விசா தர மாட்டேன்னுட்டாங்க. எல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன் சார்."

"எப்போ திறப்பாங்க?"

"மூடினவங்களுக்கே தெரியாது."

மெக்கானிக் எழுந்து வெளியே வந்தார். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை. நடந்தார்.

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ரயிலிலேயே போவது என்பது அவருடைய ஆசை இல்லை, கட்டாயம். மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. "விமானத்துல ஏத்தினீங்கன்னா உயிரோட இறக்க முடியாது" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வருஷக் கடைசி வரைக்கும் தாங்கினாலே பெரிசு என்று கூடவே ஒரு குண்டும் போட்டார். ஒரே மகள் ஐரோப்பாவில். இங்கே நர்ஸாக இருந்தவள், ஆஸ்பத்திரியில் நடந்த அநியாயத்தை வெளியே சொல்லப்போய், வழக்கு பாய்ந்து, தப்பி ஓடியவள். திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே விலங்கு மாட்டிவிடுவார்கள். ஆகவே அம்மா போனால்தான் உண்டு.

இந்தப் பயணத்தை மெக்கானிக் கரைத்துக் குடித்திருந்தார். எந்த ஊரில் இறங்கி ஏற வேண்டும், எந்தப் பெட்டியில் மருந்து மெஷினுக்குக் கரண்ட் கிடைக்கும், தண்டவாளத்தின் அகலம் மாறுகிற எல்லையில் பெட்டியை அப்படியே தூக்கி எப்படிச் சக்கரம் மாற்றுவார்கள், எல்லாம் அத்துப்படி. "ஆயுசு பூரா மேலயும் கீழயும் போன மனுஷன், இப்பத்தான் குறுக்கால போகப் போறார்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

மறைக்கத் தெரியாத மனிதர். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். தலையணைகளில் சாய்ந்திருந்தவள் கேட்டு முடித்தாள்.

"அவகிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி?"

"சொன்னா அவ கிளம்பி வந்துடுவா. போன வாரமே என்ன சொன்னா? 'நீங்க வர முடியலைன்னா நான் வரேன், ஜெயில்ல போட்டா போடட்டும்'னா. உங்க பிடிவாதம் அப்படியே இருக்கு அவகிட்ட. டிக்கெட் போட்டாச்சுன்னு சொல்லுங்க."

"எனக்குப் பொய் வராது. உளறிடுவேன்."

"என் தங்கச்சி கல்யாணத்துல எங்கப்பாகிட்ட, 'மாமா, சாப்பாடு பிரமாதம்'னு சொன்னீங்களே, அது வந்துச்சு இல்ல?"

அவர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. மகள்தான். திரையில் அவள் முகம் சோர்ந்திருந்தது.

"அப்பா, டிக்கெட் என்னாச்சு? ஏதோ எல்லையை மூடுறாங்கன்னு இங்க பேசிக்கிறாங்களே?"

மனைவியின் விரல் அவர் முழங்கையை அழுத்தியது.

"அது... அது வேற எல்லை, கண்ணு. நம்ம வழி இல்ல. டிக்கெட் போட்டாச்சு."

உளறவில்லை. அவருக்கே ஆச்சரியம். எந்த வண்டி, எத்தனையாவது பெட்டி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவள் கேட்கக் கேட்கத் தங்கு தடையில்லாமல் வந்தது. அத்தனையும் உண்மையான விவரங்கள். போகப் போவதில்லை என்பது ஒன்றுதான் பாக்கி.

"என்னிக்கு வந்து சேருவீங்க?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. "நவம்பர்..." என்று இழுத்தார்.

மனைவி தலையை ஆட்டினாள். இல்லை.

"நவம்பர்ல கிடைக்கல. ஜனவரி..."

மறுபடியும் தலையை ஆட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. இன்னும் தள்ளி.

எதற்குத் தள்ளுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டாக்டர் தன்னிடம் மட்டும் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தான் இல்லாமல் போகும் நாளைத் தாண்டி ஒரு தேதி கேட்கிறாள். அதுவரை மகள் அங்கேயே காத்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் ஓடி வந்து பார்க்க இங்கே அம்மா இருக்க மாட்டாள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"மார்ச்" என்றார். "மார்ச் பத்து. காலையில வண்டி வந்து சேரும்."

"அவ்வளவு நாளா?"

"அம்மாவுக்குக் கீழ் படுக்கை வேணுமே. அப்பதான் காலியாம்."

மகள் உதட்டைக் கடித்தாள். பிறகு மெல்ல முகம் தெளிந்தது. "சரி, அதுவும் நல்லதுதான். என் ரூம் மூணாவது மாடி. அம்மாவால படி ஏற முடியாது. மார்ச்சுக்குள்ள தரைத் தளத்துல ஒரு வீடு பார்த்துடறேன். எக்ஸ்ட்ரா டியூட்டி பார்த்தா அட்வான்ஸ் கொடுத்துடலாம். அம்மா, உனக்கு எப்படி வீடு வேணும், சொல்லு."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"சமையல்கட்டுல வெளிச்சம் வரணும்டி" என்றாள், மூச்சைப் பிடித்துப் பிடித்து. "இருட்டா இருந்தா நான் வர மாட்டேன்."