நடுக் கண்ணாடி

பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைக்குள் தினமும் காலை ஏழு மணிக்கு நுழைய வேண்டியிருக்கும் என்று பல் டாக்டர் கனவிலும் நினைத்ததில்லை. இருபத்திரண்டு நாட்களாக நுழைந்துகொண்டிருந்தார். செருப்பை வாசலில் விட்டு, கட்டிலைச் சுற்றிப் போய், சுவரோரம் குனிந்து, மூன்று கண்ணாடித் துண்டுகளைப் பார்ப்பார். பிறகு வீட்டுக்காரர் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

“மூணும் முழுசா இருக்கு சார்.”

“இன்னைக்கு இருக்கு” என்பார் அவர்.

தெருவில் அவருக்குப் பெயர் மனுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனு எழுதுவதையே வேலையாக வைத்துக்கொண்டவர். தெருவிளக்கு அவர் மனுவால் வந்தது. முனையில் நின்ற லாரிகள் அவர் மனுவால் போயின. இருபது வருஷம் எழுதியும் அசையாதது ஒன்றுதான். அது டாக்டரின் பூர்வீக வீடு.

நூற்றைம்பது வருஷக் கட்டடம். முதலில் நில அளவை அலுவலகம். ஊரின் முதல் வரைபடம் அங்கேதான் வரையப்பட்டது. வரைந்தவர்கள் அதோடு நிற்காமல் கூடத்தின் மர உட்கூரையிலும் அதையே வண்ணத்தில் தீட்டிவைத்தார்கள். தரையில் படுத்தால் ஊர் முழுக்கத் தலைக்கு மேல் தெரியும். பின்னால் அதை டாக்டரின் தாத்தா வாங்கினார். அவர் பிள்ளைகள் இருவரும், டாக்டரின் பெரியப்பாவும் அப்பாவும், அதற்காக மல்லுக்கட்டி, கதவில் ஆளுக்கொரு பூட்டைத் தொங்கவிட்டுப் போனார்கள். ஓடு சரிந்தது. சுவரில் மரம் முளைத்தது. எலிகள் மனுக்காரர் வீட்டுக்குக் குடிபோயின.

அவர் பெரியப்பாவுக்கு எழுதினார். அப்பாவுக்கு எழுதினார். நகராட்சிக்கு எழுதினார். ஒரு வரி பதில் இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வருஷம்தான் டாக்டர் பூட்டுகளைத் திறந்து கூரையைப் பிரித்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டாவது வாரமே மனுக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“என் சுவத்துல விரிசல் விட்டிருக்கு. ஒரு பல்லைப் பிடுங்கினா பக்கத்துப் பல்லு ஆடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா டாக்டரம்மா?”

“நான் பிடுங்கல சார். அடைக்கிறேன்.”

“இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்துட்டு இப்ப அடைக்கிறாங்களாம்.”

மனு போனது. நகராட்சிப் பொறியாளர் வந்தார். விரிசல் பழசா புதுசா என்று அவரால் சொல்ல முடியவில்லை. விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் விரல் அகலக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரு முனையிலும் சாந்து பூசி ஒட்டச் சொன்னார். கண்ணாடி வளையாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். முப்பது நாள், தினமும் இருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒன்று உடைந்தாலும் அவர் நேரில் வந்து பார்க்கும்வரை வேலை நிற்க வேண்டும்.

நோட்டு மனுக்காரருடையது. பக்க எண்களை அவரே சிவப்பு மையில் போட்டிருந்தார். “நாளைக்கு ஒரு தாளைக் கிழிச்சுட்டேன்னு என்னை யாரும் சொல்லக் கூடாது பாருங்க.”

இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, நடுக் கண்ணாடி உடைந்திருந்தது.

டாக்டர் குனிந்தபடியே இருந்தார். கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது. மற்ற இரண்டும் முழுசாக இருந்தன.

“உடைஞ்சிருக்கு” என்றார் மனுக்காரர். வழக்கமான குத்தல் அதில் இல்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து, இருவர் முகத்தையும் பார்த்து, காபியோடு திரும்பிப் போனார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கூரை வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்.

கூரையின் முன்பாதிக்கு ஓடு ஏறியிருந்தது. கூடத்துக்கு மேல் புதுச் சட்டங்கள், அதற்கு மேல் வானம். வானம் இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டிருந்தது. பொறியாளர் விடுப்பில் போயிருந்தார். திங்கள்கிழமைதான் வருவார்.

“தார்ப்பாய் போட்டு வைக்கலாமா?” என்று டாக்டர் கேட்டார்.

“போடலாம்மா” என்றார் கொத்தனார். “இந்தக் காத்துல அது பாய் இல்ல, பட்டம்.”

“ஒரு மழை தாங்குமா?”

கொத்தனார் உட்கூரையை அண்ணாந்து பார்த்தார். “வண்ணம் உரிஞ்சு வந்துரும். ரெண்டாவது மழையில பலகையே தொங்கும். ஓடு அடுக்க எனக்கு ரெண்டு நாள் போதும். ரெண்டே நாள்.”

டாக்டர் ஆட்களைக் கீழே இறக்கினார். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கிளினிக்கில் ஆறு பேர் காத்திருப்பதாக போன் வந்தது. நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்.

மதியம் இரண்டரைக்கு மனுக்காரர் வந்தார். வாசலில் ஒரு கணம் தயங்கி, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, உள்ளே காலெடுத்து வைத்தார். கையில் நோட்டு.

“நாப்பத்தி மூணாம் பக்கம். படிங்க.”

டாக்டர் தன் கையெழுத்து வரியைத்தான் இதுவரை பார்த்திருந்தார். அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ இருந்தது. பால் வந்த நேரம். கரண்ட் போன நேரம். திங்கள்கிழமைக்குக் கீழே இப்படி: மாலை 5.40. மைத்துனர் வந்தார். விளக்கு மாட்டுவதற்காக பீரோவை நகர்த்தினார். பீரோ முனை நடுக் கண்ணாடியில் இடித்தது. டிக் என்று சத்தம்.

டாக்டர் இரண்டு முறை படித்தார்.

“காலையில ஏன் சார் சொல்லல?”

“சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அதுவும் பொய். ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.”

“கிழிச்சிருக்கலாமே.”

“நம்பர் போட்டிருக்கேனே.”

“கிழிக்க நெனச்சீங்களா?”

“ஒரு மணி நேரம் நெனச்சேன். அப்புறம் சாப்பிட உக்காந்தேன், இறங்கல. அவ வேற, தம்பி பண்ணினதுக்கு அவங்க வீடு நனையணுமான்னு கேட்டுட்டா.” அவர் மேலே பார்த்தார். “உங்க பெரியப்பா எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டதில்ல. நீங்க இருபத்தி மூணு நாள் வந்திருக்கீங்க. ஒரு நாள்கூட ஏழு அஞ்சு ஆகல.”

டாக்டர் நோட்டை மூடித் திருப்பி நீட்டினார்.

“பேப்பர் இருக்கா?” என்றார் மனுக்காரர்.

கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டியில் உட்கார்ந்து, நோட்டை முட்டுக்கொடுத்து எழுதினார். பொருள் என்று போட்டு அடிக்கோடு இழுத்தார். கூரை வேலையைத் தொடர அனுமதிக்க வேண்டுதல்.

“பொறியாளர் இல்லையே சார்.”

“உதவிப் பொறியாளர் போடலாம். நாலரைக்குக் கிளம்பிடுவார். எல்லாரும் முன்வாசல்ல காத்துக் கிடப்பாங்க. அவர் பின்படியில இறங்குவார்.” பேனாவை மூடினார். “நான் பின்படியில நிப்பேன்.”

கொத்தனார் அவர் போவதைப் பார்த்தார். “இவர் நம்ம பக்கம் வந்துட்டார்னா, நகராட்சியை நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

ஐந்தேகாலுக்கு முத்திரையோடு தாள் வந்தது. புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கோணல் கையெழுத்து. டாக்டர் அன்று முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ஓடு ஏறியது. வெள்ளிக்கிழமை மதியம் மழை அடித்து நொறுக்கியது.

கொத்தனார் கூடத்தின் நடுவில் நின்று மூலைக்கு மூலை பார்த்தார். டாக்டர் நான்கு வாளிகளைத் தயாராக வைத்திருந்தார். அரை மணி நேரம். வாளிகள் காய்ந்தே கிடந்தன.

மனுக்காரரும் மனைவியும் ஒரே குடையில் வந்தார்கள். டாக்டர் தரையில் பாயை விரித்தார். மூன்று பேரும் படுத்தார்கள். படுக்க மாட்டேன் என்று கொத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நம்ம தெரு எங்கே?” என்றார் மனைவி.

மனுக்காரர் ஒரு விரலை நீட்டித் தெருவைப் பிடித்தார். நில அளவை அலுவலகத்தைப் பிடித்தார். விரல் அதற்குப் பக்கத்தில் நகர்ந்து அங்கேயே நின்றது. அங்கே வீடு இல்லை. நீலமாக, பெரிதாக, ஒரு குளம் இருந்தது.

மனைவி விரலையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க” என்றார் மனைவி. “தூர்த்த குளத்து மேல, இறங்கற மண்ணுல உக்காந்துக்கிட்டா இவங்க சுவரை இத்தனை வருஷம் திட்டினீங்க?”

“அந்த மரமும் ஒரு காரணம்.”

“மரமும் காரணம்தான் சார்” என்றார் டாக்டர். “அதுக்கு எங்க வீட்டுல யாரும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கல. நான் கேக்கறேன்.”

அவர் தலையசைத்தார். படுத்திருந்ததால் அது பாயில் தலை தேய்ந்த சத்தமாகத்தான் கேட்டது. மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப யார் மேலதான் மனு போடப் போறீங்க?”

“குளத்தைத் தூர்த்தவன் மேல.”

“அவன் செத்து நூறு வருஷம் ஆயிருக்கும்.”

“நகராட்சிகிட்ட ரெக்கார்டு இருக்கும்” என்றார் மனுக்காரர்.

முப்பது நாளுக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. மறுநாள் ஏழு மணிக்கு டாக்டர் செருப்பை வாசலில் விட்டார். பீரோ பழைய இடத்துக்குப் போயிருந்தது. காபி காத்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

“மூணும் முழுசா இருக்கு சார்.”

“இருக்கும்” என்றார் மனுக்காரர். “காபி ஆறிடப் போகுது.”