பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தையல்

என் கைபேசியில் பழைய அழைப்புகளைப் புரட்டினால் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் நான்கு நிமிடம், மூன்றரை நிமிடம், மறுபடியும் நான்கு என்றுதான் இருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவான். "சாப்டியாக்கா? உடம்பு எப்படி இருக்கு? சரி, வைக்கட்டுமா?" கேள்விகள் மூன்றும் மாறியதே இல்லை. மூன்றாவதற்கு நான் "சரிடா" என்று சொல்வதும் மாறியதில்லை.

கணினியின் சிடி டிரைவ் செத்துப்போன வாரம் அந்தப் பட்டியலில் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று விழுந்தது.

நான் பேட்ஜ் செய்கிறவள். பள்ளிச் சட்டைப் பையிலும் காவலாளிகளின் தோளிலும் இருக்குமே, அந்த எம்பிராய்டரி சின்னங்கள். யாராவது ஒரு படத்தைக் கொடுப்பார்கள். அதைக் கணினியில் தையல் தையலாக மாற்றிக் கொடுத்தால், அறையின் மறுபாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் மெஷின் தைத்துத் தள்ளும். படத்தைத் தையலாக்கும் புரோகிராம் பதினொரு வருடம் பழையது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னுடைய சிடி டிரைவில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் திறக்காது. அதனால் அந்த சிடியை நான் வெளியே எடுத்ததே இல்லை.

"புரோகிராம் போட்ட அன்னைக்கே சிடியை இமேஜா, அப்படியே ஒரு நகலா, எடுத்து வச்சேன்ல? 'அக்கா சிடி'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரு" என்றான் தம்பி. இருந்தது. உள்ளே ஒரு பெரிய கோப்பு, ஒரு சின்னக் கோப்பு.

"இதைச் சும்மா ரெண்டு தட்டு தட்டினா திறக்காது. மவுண்ட் பண்ணணும். அதாவது, இல்லாத டிரைவை இருக்குன்னும், அதுக்குள்ள சிடி இருக்குன்னும் கம்ப்யூட்டரை நம்ப வைக்கிற புரோகிராம் வேணும். இலவசமாவே நிறைய இருக்கு."

"பொய் சொல்றதுக்கு ஒரு புரோகிராமா?"

"ஆமா. உனக்குத்தான் அது வராதே. அதான் ஆளு வைக்கிறோம்."

இருவரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தபோதே சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது.

முதல் புரோகிராமை இறக்கினேன். அது தனியாக வரவில்லை. வானிலை சொல்லும் ஒன்றும், நான் கேட்காத தேடுபொறி ஒன்றும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டன.

"எல்லாக் கட்டத்துலயும் டிக் இருந்திருக்கும். படிக்காம அடுத்து அடுத்துன்னு அமுக்கினியா?"

"ஆமாடா."

"மாப்பிள்ளை பாக்கப் போனா கூட வந்தவங்களையும் கல்யாணம் பண்ணிட்டு வந்திருக்க நீ."

அந்த மூவரையும் வெளியேற்றவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு எங்களுக்கு எல்லா மென்பொருளும் மாப்பிள்ளைதான். இரண்டாவதன் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பதினான்கு நாள் இலவசம், அப்புறம் கட்டணம். "வேண்டாம்க்கா. பதினாலு நாள் நல்லவனா இருக்கிறவன் நமக்கு எதுக்கு?" என்றான். சொன்ன பிறகு கொஞ்சம் தயங்கினான். ஒருமுறை அவன் விசாரித்து நல்ல பையன் என்று சொன்னவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவர் ஏழு வருடத்துக்கு முன்னால் என்னை விட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவதைப் பாக்கலாம். அதுவரைக்கும் எதையும் தொடாத" என்று சொல்லி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காவலாளிகள் கம்பெனியின் மேனேஜர் வந்து நின்றார். சிங்கத் தலை போட்ட பேட்ஜ் இருநூறு, அவசரம். அவர் போனதும் நான் அந்தப் பதினான்கு நாள்காரனையே இறக்கினேன். இந்த முறை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். எடுத்த எடுப்பில் வேலை செய்தது. பழைய புரோகிராம் ஒன்றும் நடக்காத மாதிரி திறந்துகொண்டது.

தம்பியைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தப் போகும்போதுதான், சொன்னால் என்ன ஆகும் என்று தோன்றியது. "அப்பாடா, சரி வைக்கட்டுமா" என்பான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நான்கு நிமிடமாகும். கைபேசியை நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சிங்கத்தின் பிடரியை வரையத் தொடங்கினேன். அதை நான் பொய் என்று நினைக்கவில்லை. இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிறு வந்தது. மூன்றாவது மாப்பிள்ளை. சின்ன நிறுவனம், விளம்பரம் இல்லை, கெடு இல்லை, பக்கம் முழுக்க வெறும் எழுத்து.

"இது தங்கமான பையன்க்கா. இப்ப அந்தச் சின்னக் கோப்பைத் தேர்ந்தெடு. பெரிசு இல்ல, சின்னது. அதுலதான் வழி எழுதியிருக்கும்."

என் விரல் பெரிய கோப்பின் மேல் போய் நின்றது. அழுத்தினேன். பிழை என்று ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. அதை அவனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். படித்தது முழுக்க உண்மை.

"வராம இருக்காதே. சின்னதுதானே?"

"சின்னதுதான்டா."

"ஸ்கிரீனைக் காட்டேன், நானே பாக்கறேன்."

"இங்க நெட் இழுக்குது."

அன்றைக்கு நாற்பத்தேழு நிமிடம். நடுவில் அவன் எழுந்து தண்ணீர் குடித்தான், மகளின் செருப்பைத் தேடிக் கொடுத்தான், திரும்பி வந்து "ம், சொல்லு" என்றான். அந்த "ம், சொல்லு" போதும் எனக்கு. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் அப்படித்தான் விட்ட இடத்தில் பேச்சைப் பிடிப்பார்கள். வைத்த பிறகு மெஷினை ஓடவிட்டேன். சத்தம் இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு. நான்காவது மாப்பிள்ளை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். காத்திருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? மேனேஜரைப் பற்றிப் புலம்பினேன்.

"சிங்கத்துக்கு மீசை வேணுமாம்டா. மீசையும் பிடரியும் சேர்ந்து பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு தையல் வந்து நிக்குது. போடற காவலாளி சட்டை தோளோட தொங்கப் போகுது பாரு."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அந்த நம்பரை எங்க பாத்த?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தையல் எண்ணிக்கை அந்தப் பழைய புரோகிராமின் கீழ் மூலையில், படத்தைத் திறந்தால் மட்டும் வரும். அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"குத்துமதிப்பா ஒரு கணக்குடா."

"குத்துமதிப்பா பன்னெண்டு தையலா?"

மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"எப்பத்துலேருந்து வேலை செய்யுது?"

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்."

"பாப்பாவை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போகாம மூணு வாரமா உக்காந்திருக்கேன். வீட்டுல தினமும் அதுக்கு எனக்குப் பாட்டு. அக்காவுக்கு வேலை நின்னுபோச்சு, அவளுக்கு யாரு இருக்கான்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

'அவளுக்கு யாரு இருக்கா' என்று அவன் தன் வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் சுட்டது.

"பேசணும்னா பேசணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னுடா சொல்றது?"

"சரி, வேலை நடக்குதுல்ல. வைக்கட்டுமா?" என்றான். சரிடா என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பதினாறு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை காலை புரோகிராமைத் திறந்தேன். சிடியைப் போடச் சொன்னது. பதினான்கு நாள் முடிந்திருந்தது. மீசை இல்லாமல் நூற்றிருபது பேட்ஜ் தைத்தாகிவிட்டது. மிச்ச எண்பதுக்கு மீசை வைத்த மாற்றத்தை மெஷினுக்கு இன்னும் அனுப்பவில்லை. மேனேஜர் வியாழக்கிழமை வருகிறார்.

நிஜமாகவே திறக்காத ஒரு நாளில் அவனைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. கூப்பிட்டால் நம்புவானா என்பதுகூட இரண்டாம்பட்சம். நம்பி, மறுபடியும் நீச்சலை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால்?

கூட்டத்தோடு வந்தவன் வேண்டாம். கெடு வைத்தவன் முடிந்துபோனான். நான்காமவன் சின்னக் கோப்பைக் காட்டினாலும் தனக்கு அந்த வகை தெரியாது என்று கைவிரித்தான். மிஞ்சியது, நான் வேண்டுமென்றே தோற்கடித்த மூன்றாமவன். அவனை மறுபடியும் இறக்கினேன். ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். கணினியைத் திறக்கும்போதெல்லாம் சிடியை அவனே பொருத்திக்கொள்ளவும் ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டேன். பிறகு சின்னக் கோப்பு. என் விரல் இந்த முறை நேராக அங்கே போனது.

புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது. சிங்கம் திறந்தது. கீழ் மூலையில் அதே எண், பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இனி கணினி விஷயத்தில் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ மீசை நுனியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கைபேசி அடிக்கவில்லை. பத்தேகாலுக்கும் அடிக்கவில்லை. தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பெருக்கினேன். சுத்தமான தரையையே இன்னொரு முறை பெருக்கினேன். கேட்பதற்கு ஏதாவது பிரச்சனை இருக்கிறதா என்று அறை முழுக்கத் தேடினேன். மெஷின் நன்றாக ஓடுகிறது, குழாய் ஒழுகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. அப்படி எதுவும் கையில் இல்லாமல் இத்தனை வருடத்தில் அவனை நானாகக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பத்து நாற்பதுக்குக் கூப்பிட்டேன்.

"என்னக்கா? இப்பத்தான் பாப்பாவை நீச்சலுக்கு விட்டுட்டு வீட்டுக்கு வரேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா."

"அது திறக்குதுல்ல?"

"திறக்குது. மூணாவது பையன்தான். அன்னைக்கே வேலை செஞ்சிருப்பான். நான்தான் பெரிய கோப்பை அமுக்கிட்டு உன்கிட்ட சின்னதுன்னு சொன்னேன்."

அவன் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது. கோபமா, களைப்பா என்று பிரிக்க முடியவில்லை.

"இப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

"எதுக்கும் இல்ல. பேசலாம்னு."

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டேன். இதைச் சொல்ல இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வைக்கட்டுமா என்று கேட்கப் போகிறான், சரிடா என்று நான் சொல்லப் போகிறேன். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது.

"இரு. ஷூவைக் கழட்டிட்டு வரேன்."

கைபேசியை எதன் மேலோ வைத்தான். மரமாக இருக்க வேண்டும். ஒரு ஷூ விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தூரத்தில் அவன் மனைவி ஏதோ கேட்க, "அக்கா" என்று மட்டும் பதில் சொன்னான். நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.