குட்டி கிட்னி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்கா சொன்ன ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்பாவைக் கொண்டுபோன அதே சிறுநீரக நோய் தம்பிக்கும் வந்திருந்தது. அவன் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, கருவில் சிறுநீரகம் உருவாவதைப்போலவே ஆய்வகத் தட்டில் உருவாக்கி, நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இதையெல்லாம் அம்மாவிடம் எப்படி விளக்குவது? "தம்பியோட குட்டி கிட்னி ஒண்ணு வளர்க்கிறோம்மா" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, ஒரு நாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பயறு அளவே இருந்த அதற்குள் அந்த நோயின் நீர்க்கொப்புளங்கள். "அடி சக்கை! ஆரம்பிக்கிற இடத்தையே பிடிச்சுட்டோம்!" என்று பேராசிரியர் கைதட்டினார். அவளும் தட்டினாள். பாழாய்ப்போன கை, அதுபாட்டுக்குத் தட்டியது.

மாலையில் டயாலிசிஸ் அறைக்குப் போனாள். கையில் குழாய்களோடு தம்பி சாய்ந்திருந்தான். அம்மா அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, என் குட்டி எப்படி இருக்கு?"

"அதுக்கும் கொப்புளம் வந்துடுச்சுடா."

"அடப்பாவமே, என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கு!" அவன் சிரித்தான். அது வெறும் ஆராய்ச்சி என்பது அவனுக்குத் தெரியும்.

அம்மா சிரிக்கவில்லை. "கொப்புளத்தோட அதை எப்படிடி இவனுக்கு வைப்பாங்க?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வைக்கிறதா? ஐயோ, அது வைக்கிறதுக்கு இல்லம்மா. நோயைப் பார்க்கிறதுக்கு மட்டும்தான்."

அம்மாவின் கை நின்றது. "போன வருஷம் உன் மாமா தன்னோட கிட்னியைத் தரேன்னு வந்து நின்னானே. ரத்த குரூப்கூடப் பொருந்துச்சு. நான்தானேடி வேண்டாம்னேன். வீட்டுப் பொண்ணே வளர்க்கிறா, உனக்கு எதுக்குடா கத்தின்னு திருப்பி அனுப்பிட்டேனே."

மாமா வந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது அவருக்குச் சர்க்கரை நோய். டாக்டர்கள் இனி அவரிடமிருந்து கிட்னி எடுக்க மாட்டார்கள். அம்மாவுடையதும் அக்காவுடையதும் முன்பே பொருந்தவில்லை.

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அம்மாவைத் திட்ட வாயெடுத்த அக்கா அப்படியே மூடிக்கொண்டாள். வார்த்தை அவளுடையதல்லவா!

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, போனது போகட்டும். இன்னொண்ணு வளர்த்துப் பாரேண்டி. இந்தத் தடவை கொஞ்சம் கவனமா பார்த்துக்கோ."