மாடியில் வாடை

1

இந்தக் கதை என் காதுக் கோளாறில் பிறந்தது. கடைசியில் மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செஞ்சியில் எங்கள் மாடியில் குடியிருப்பவர் அமிர்தவல்லி. மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பம். போன வருடம் கடல் ஏறி வந்து வீட்டைக் கொண்டுபோய்விட்டது. கணவர் பச்சமுத்துவுக்கு இங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. நாங்கள் சமணர்கள், வெங்காயம்கூட வாசல்படி தாண்டாது. ஆகவே குடிவைக்கும்போது ஒரே நிபந்தனை: மீன் சமைக்கக் கூடாது. அமிர்தவல்லி ஒப்புக்கொண்டார்.

கார்த்திகை ஞாயிறு ஒன்றில் மாடிக்குப் போன என்னிடம் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்: "வாடை அடிக்குது சார்."

நான் கீழே வந்து என் மனைவி ராஜமதியிடம் சொன்னேன்.*

(*அவள் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. எழுதுகிற மனுஷன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். முப்பது வருடத்தில் அவள் என்னை நம்பியது இந்த ஒரு தடவைதான்.)

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

"அலைகள் ஆர்ப்பரிக்க, அந்த மீனவப் பெண்ணின் கண்களில்..."

(நிறுத்திவிட்டேன். கண்களில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. கையில் துணி கிளிப் இருந்தது.)

அடுத்தது: "ராஜகிரிக் கோட்டையின் நிழல் நீளும் செஞ்சி நகரில்..."

(அடித்தாயிற்று. சுற்றுலாக் கையேடு.)

3

ராஜமதி மாடி ஏறினாள். நான் படிக்கட்டின் கீழே நின்று கேட்டது இது. இதில் என் கற்பனை எதுவும் இல்லை.

"இன்னா அமிர்தா, வாடை அடிக்குதாமே?"

"ஆமாக்கா, காலையிலேர்ந்து. இனிமே தை வரிக்கும் அடிக்கும்."

"தை வரிக்குமா!"

"இன்னா பண்றது? பொறந்ததுலேர்ந்து இதோடத்தான இருக்கோம்."

"எங்களால முடியாதும்மா. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோ."

ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "சரிக்கா."

ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கதாபாத்திரம் என்றால் கேட்க வேண்டாமா? அமிர்தவல்லி கேட்கவில்லை.

4

நாலு நாள் கழித்து டீக்கடையில் பச்சமுத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? வாடைக்காத்து அடிச்சா வூட்ட ஏன் காலி பண்ணச் சொல்றீங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வடக்கேர்ந்து காத்து கெளம்பினாவே அவளுக்குத் தூக்கம் போயிடுது சார். அந்தக் காத்துலதான வூடு போச்சி. ஒண்ணும் ஆவாதுன்னு யாராச்சும் சொன்னா தேவலையேன்னுதான் உங்ககிட்ட சொல்லியிருக்குறா."

கதைகளில் பத்து தடவையாவது 'வாடைக்காற்று' என்று எழுதியவன் நான். என்னிடம் ஒருத்தி அதைச் சொன்னபோது எனக்கு மீன் நாற்றம் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

5

முடிவுகள்.

அ) உண்மை தெரிந்து எல்லோரும் சிரிக்கிறார்கள். ராஜமதி பாயசம் கொடுக்கிறாள். (இனிப்பு ஜாஸ்தி.)

ஆ) அவர்கள் பக்கத்து ஊர் வல்லத்தில் வீடு பார்த்துப் போய்விடுகிறார்கள். நான் இந்தக் கதையை எழுதிப் பேர் வாங்குகிறேன். (இதுதான் நடக்கும்போல் இருக்கிறது. மாடியில் டிரங்குப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்கிறது.)

இ) நான் மேலே போய்

இந்த இடத்தில் ராஜமதி வந்து தாள்களை வாங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். நாலாவது பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

"டீக்கடையில அவரு சொல்லி எத்தினி நாளு ஆச்சி?"

"மூணு."

"மூணு நாளா இத எழுதினு இருந்தீங்களா? எழுந்து மேல போயி ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

தாள்களை என் மடியில் போட்டுவிட்டு அவள் படியேறினாள். பெட்டி இழுபடும் சத்தம் நின்றது. இப்போது இரண்டு பேரும் பேசுகிறார்கள்.

என்ன பேசுகிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பன்னிரண்டு படிதான், நீங்களே ஏறிப்போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். என் காதைத்தான் உங்களுக்குத் தெரியுமே.