தண்ணீரில் சாகவில்லை

பஸ் கிளம்புவதற்குள் ஜெகதீஸ்வரன் இறங்கிப்போய் அவித்த மக்காச்சோளம் வாங்கிவந்தார். ஒவ்வொரு மணியும் கோலிக்குண்டு பருமன். இரண்டு வாய் தின்றுவிட்டு, "உப்பே போடலடி லட்சுமி. இம்புட்டுக் கடல வச்சுக்கிட்டு இந்த ஊருக்காரனுக உப்ப எங்கதான் ஒளிச்சு வச்சிருக்கானுகளோ" என்றார். முருகலட்சுமி சிரித்தாள். சன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டார். மலைப்பாதையில் நாற்பது நிமிடம் அவள் அசையாமல் இருந்தாள். தூங்குகிற மனிதரை எழுப்பக் கூடாதே என்று.

தென்னமெரிக்காவின் எக்வடாரில் இரண்டு வாரம் தங்கத்தான் போனார்கள். இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், பிள்ளைகள் இல்லை, ஓய்வுபெற்றதும் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மனைவியோடு ஆறு வருடமாகக் கடல் சுற்றிக்கொண்டிருந்தார். எக்வடாரில் படகை ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, இருவரும் பஸ் பஸ்ஸாக ஏறி அந்த நாட்டைச் சுற்றினார்கள். வாழைத்தோட்டம், எரிமலை, சந்தை, மறுபடியும் சந்தை. இரண்டு வாரம் பதினோரு மாதமானது.

ஊருக்கு அவள் போன் செய்தபோது, "அத்தான், அவுக போயிட்டாக" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. மீதியை அவர் அண்ணன் சங்கரபாண்டியனே சொல்லிக்கொண்டார். படகில் போனவன் வேறு எப்படிச் சாவான்?

மூன்று வாரம் கழித்து, சாம்பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து காரில் வந்தாள். சங்கரபாண்டியனும் அவர் மனைவி தங்கச்செல்வியும் கூட இருந்தார்கள். பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அவர் முகத்துக்குப் பின்னால் நீலக்கடல். நான்கு புகைபோக்கி வைத்த பெரிய கப்பல். 'நடுக்கடலில் எம்மை விட்டுப் பிரிந்த'.

"யாரு சொன்னா நடுக்கடல்னு?"

சங்கரபாண்டியன் சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

திருச்சுழி தாண்டி, ஊர்க் கண்மாய்க் கரையில் கார் நின்றது. வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"இந்தா பாரு தாயி," என்றார் சங்கரபாண்டியன். "தண்ணியில செத்தவுக சாம்பல் இந்தக் கரையத் தாண்டுனா மூணு வருசத்துக்கு மழை எறங்காதும்பாக. ஊரு ஒத்துக்கிடல. இப்பிடியே ராமேஸ்வரம் போயிக் கரச்சிருவோம்."

"அப்பா பக்கத்துல, நம்ம புஞ்சையிலதான் வைக்கணும்னு அவுக எத்தன தடவ சொல்லியிருக்காக, தெரியுமா? கடல்ல கரைக்கணும்னா அங்கயே கரச்சிருக்க மாட்டேனா? அங்க இல்லாத கடலா? அவுக தண்ணியில சாகல. பஸ்ஸுல, என் தோள்ல, நெஞ்சு நின்னு செத்தாக."

பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். ஸ்பானிய மொழி. சங்கரபாண்டியன் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கடல்னுகூட எழுதியிருக்கலாம். நாங்க என்னத்தக் கண்டோம்?"

"ஏலே, போன்ல காட்டுனா அது தமிழ்ல சொல்லும்லே," என்றார் மரத்தடியில் இருந்த மாரிக்கண்ணன். அவரே தன் போனைக் காகிதத்தின் மேல் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "மரணத்தின் காரணம், இதயம் நிறுத்தம். இடம், பொதுச் சாலை, பயணிகள் வாகனம்." நிமிர்ந்தார். "பஸ்ஸுதான்ப்பா. அந்தப் புள்ள சொல்றது சரிதான்."

சங்கரபாண்டியன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியது.

"லட்சுமி, போஸ்டர் அடிச்சாச்சு. வீரசோழன் வரைக்கும் ஒட்டியாச்சு. வந்தவன் போனவனுக்கெல்லாம் அல அடிச்சதுலருந்து ஆளு முங்குனது வரைக்கும் சொல்லியாச்சு. இப்பப் போயி பஸ்ஸுன்னா என்னைய எவன் மதிப்பான்?"

அவள் அவரையே பார்த்தாள். மழையாவது, ஊராவது. தன் பொய்க்காகத் தம்பியை இரண்டாவது தடவை சாகடிக்கிறார். அதுவும் ஜெகதீஸ்வரன் சாகாத சாவு.

"ஒங்க மருவாதிக்கு எம் புருசன் முங்கணுமாக்கும்?" கத்தினாள். மரத்தடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஆறு வருசம் கடல்ல கெடந்தோம். புயல்ல ரெண்டு நா படகு தலகீழா ஆடுச்சு. அப்பக்கூடக் கடல் அவுகளத் தொடல. நீங்க இங்க ஒக்காந்துக்கிட்டே முக்கிட்டீகளே! தள்ளுங்க. தொட்டீகன்னா தெரியும்."

யாரும் தொடவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரையேறி மறுபக்கம் இறங்கினாள். பின்னால் காலடி கேட்டது. தங்கச்செல்வி. கரையோரம் யாரோ வைத்திருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டிருந்தாள்.

"செல்வி! ஏய், செல்வி!" என்று சங்கரபாண்டியன் கூப்பிட்டார்.

"வாரேன், வாரேன். கத்தாதீக," என்றாள் அவள், திரும்பாமலே.

சீமைக்கருவேலத்தை விலக்கி, மாமனார் சமாதிக்குப் பக்கத்தில் இருவரும் மாறிமாறி வெட்டினார்கள். மண் பாறையாக இறுகிக் கிடந்தது. முழங்கை ஆழம் போவதற்குள் தங்கச்செல்விக்கு உள்ளங்கை கொப்பளித்தது. பெட்டியை வைத்து மூடிய பிறகும் முருகலட்சுமிக்குக் கோபம் தணியவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

மண் அமுங்கக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம் என்று தங்கச்செல்வி புஞ்சைக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அதில் தண்ணீர் இல்லை. ஜெகதீஸ்வரன் முதல் கப்பல் ஏறிப்போன வருடமும் அதில் தண்ணீர் இல்லை.