குடைக் கையெழுத்து

மினேகிஷி தாசுவின் வீட்டு வாசலில் குடையை மடக்கியபோதும், எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய சித்திரக்கதையை அடுத்த இதழோடு முடித்துவிடச் சொல்லி, எங்கள் பத்திரிகையின் தலைமை ஆசிரியர் ஹதானோ என்னை அனுப்பியிருந்தார்.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, குராமோச்சி. வாசகர் ஓட்டு எத்தனை?"

"அறுபத்தொண்ணு, சென்செய். குறைஞ்சது நூறு வேணுமாம்" என்றேன். ஓவியர்களை 'சென்செய்', அதாவது ஆசான் என்றுதான் அழைப்போம்.

போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. சிறுமிகளுக்கான கதை என்றால், தாயைத் தொலைத்த பெண் பக்கத்துக்குப் பக்கம் அழ வேண்டும். பதின்மூன்று வயதுக்காரி ஒருத்தியை முதன்முதலில் கப்பல் தலைவியாக்கியவர் தாசு சென்செய்தான். அந்த மினாமோ அழமாட்டாள். புயலைத் திட்டுவாள். முதல் வருடம் வாசகர்களின் ஓட்டு அட்டைகள் மூட்டையாக வந்தன. பிறகு பள்ளிகளில் சித்திரக்கதைகளைப் பறித்து எரிக்கத் தொடங்கினார்கள். அட்டைகளும் குறைந்தன.

"சரி. கல்யாணம் பண்ணி வச்சுடவா, மூழ்கடிச்சுடவா?"

"சென்செய்..."

"சும்மா கேட்டேன். டீ ஆறுது, குடிங்க."

பேனா முள்ளை மையில் தொட்டார். முள் சரியாக எழுதுகிறதா என்று கீறிப் பார்க்க அவருக்குச் செல்லாத அட்டைகள்தான் வேண்டும். அனுப்பியவர் பெயர் இல்லாதவற்றை மாதாமாதம் கட்டாகக் கட்டிக் கொடுப்பேன். மேலே, பின்பக்கம் தெரியக் கிடந்த அட்டைக்குப் போன கை அப்படியே நின்றது.

"இது எப்படிய்யா செல்லாது?"

"அனுப்பினவர் இடம் காலியா இருக்கே. பின்னால ஏதோ சூரியன் வரைஞ்சிருக்கு."

"கண்ணாடியைத் தொடைச்சுப் போடுங்க. சூரியனா இது?"

பார்த்தேன். நடுவில் 'மினாமோ' என்ற பெயர். அதைச் சுற்றிக் குடைக்கம்பிகள் போல, எறும்பளவு எழுத்தில் பெயர்கள். முப்பத்தெட்டு.

"நீங்க டோக்கியோ பிள்ளை, உங்களுக்கு எங்க தெரியும்! அந்தக் காலத்துல எங்க ஊர்க் குடியானவங்க பிரபுவுக்கு மனு போட்டா இப்படித்தான் வட்டமா கையெழுத்து வைப்பாங்க. யாரு மொதல்ல போட்டதுன்னே தெரியாது. அப்புறம் யார் தலையை வெட்டுறது?" சிரித்தார். "இதுங்க வாத்தியாருக்குப் பயந்திருக்குதுங்க. ஒரே புத்தகத்தை ஒளிச்சு வச்சு எல்லாரும் படிக்குதுங்க, அது யாரோடதுன்னு தெரியக்கூடாதாம்."

கட்டை அவிழ்த்தோம். அதில் இன்னும் பத்துக் குடைகள் இருந்தன. ஆறு மாதமாக இப்படி எத்தனை குடைகளைக் கீறிப் பார்க்கக் கொடுத்தேனோ.

பதினோரு அட்டைகளோடும் ஓட்டமாக அலுவலகம் திரும்பினேன். ஹதானோ அசையவில்லை.

"ஒரு அட்டைக்கு ஒரு ஓட்டு. அனுப்பினவர் பேர் வேணும். அவ்வளவுதான்."

"முப்பத்தெட்டு பேர் அனுப்பியிருக்காங்க சார். படிச்சுப் பாருங்க."

அவர் அட்டையைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கடைசியில் கழுத்தையே திருப்பினார்.

"இதுல எங்கய்யா ஆரம்பிக்கிறது?"

"அது தெரியக்கூடாதுன்னுதான் சார்."

ஒவ்வொரு அட்டையாகச் சுற்றிச் சுற்றிப் படித்தவர், பதினோராவது அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "முடிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

அடுத்த இதழில் மினாமோ, கொட்டும் மழையில் கப்பல் முனையில் குடை பிடித்து நிற்கிறாள். குடைக்கு முப்பத்தெட்டுக் கம்பிகள். பெயர் ஒன்றுகூட இல்லை. வாத்தியார்களும் படிப்பார்களே.